நாரி நோவும் 78 சொற்களும்

நாரியிலை ஒப்பரேசன் செய்த ஆக்களுக்கு, நோவோடை எப்பிடி நடமாடுறது எண்டு சொல்லிக் குடுக்க வகுப்பு இருக்குது எண்டால் எங்கட சனம் சிரிக்கும். நோவுக்குக் குளிசை தானே, படிப்பென்ன? ஆனால் அந்தப் படிப்பின்ரை ஒரு வேர் மொன்றியலிலையே இருக்குது. பியர்பொன்ட்ஸிலை இருந்து பஸ்ஸும் மெற்றோவும் பிடிச்சுப் போற மக்கில் பல்கலைக்கழகத்திலை.

றொனால்ட் மெல்சாக் 1929இல் இந்த ஊரிலை பிறந்தவர். மாணவராக இருக்கேக்க, தனிக்கூட்டிலை வளர்ந்த நாய்க்குட்டிகளைப் பார்த்தார். எரியிற தீக்குச்சியிலை மூக்கைச் சுட்டுக்கொண்டும் திரும்பத் திரும்ப முகர்ந்து பார்த்தன. அப்ப நோவு காயத்திலை மட்டும் இல்லை.

1965இல் பற்றிக் வோலோடை சேர்ந்து எழுதின கட்டுரைதான் பெரிசு. முள்ளந்தண்டு வடத்திலை ஒரு படலை இருக்குதாம் (எங்கட வேலிப் படலை மாதிரியே நினையுங்கோ). இடிபட்ட முழங்காலைத் தேய்க்கிறதும் அதைச் சாத்தும். மேலையிருந்து மூளையும், பயமும் கவனமும், அதைத் திறக்கும், சாத்தும். நுணுக்கங்களிலை சிலது பிறகு பிழைச்சது, அடிப்படை நிண்டுது. மனம் படலையை அசைக்குமெண்டால் மனத்தைப் பழக்கலாம் தானே?

அமெரிக்காவிலை வில்பேர்ட் ஃபோர்டைஸ் வேறை வழியாலை வந்தார். நோகுமட்டும் நடந்து, நொந்தவுடனை படுத்தால், உடம்பு படுக்கத்தான் பழகும். நேரம் வைச்சு நட, நேரம் வைச்சு ஆறு எண்டார். ஒப்பரேசன் முடிஞ்ச ஆக்களுக்கு இண்டைக்கும் முதல் பாடம் அதுதான்.

எனக்குப் பிடிச்சது மெல்சாக்கின்ரை சொற்கள். ஒறிகனிலை கால் வெட்டப்பட்ட ஒரு மூதாட்டி, இல்லாத காலின்ரை நோவைச் சொன்ன சொற்களை எழுதத் தொடங்கினவர். அது வளர்ந்து 1975இல் 78 சொற்கள், 20 கூட்டங்களோடை மக்கில் வினாக்கொத்து ஆச்சுது. அவர் 2019இல் காலமானார்.

இனி எங்கட அம்மம்மாவை யோசியுங்கோ. நாரியிலை உளைவு, முழங்காலிலை கடுப்பு, கால் வழிய எரிவு, இடைக்கிடை மின்னல் வெட்டின மாதிரி ஒரு தெறிப்பு எண்டு பிரிச்சுப் பிரிச்சுச் சொல்லுவா. பக்கத்திலை நிக்கிற மகன் எல்லாத்தையும் 'பெயின்' எண்டு ஒரே சொல்லாலை மொழிபெயர்ப்பான். எரிவும் தெறிப்பும் நரம்பைக் காட்டலாம், உளைவு தசையை. மருந்தும் பயிற்சியும் வேறை வேறை. அந்த ஒரு சொல்லிலை வைத்தியருக்கு வேண்டின பாதி போயிடுது.

உங்கட ஊரிலை நோவுக்கு வேறை என்ன சொல்லுவியள்? மட்டக்களப்பு, நாகர்கோவில் ஆக்கள் கட்டாயம் எழுதுங்கோ, பட்டியல் ஒண்டு சேர்க்கிறன் :-)