ஆடுகோடியின் பால் படிப்பு

பெங்களூர் ஆடுகோடியில் இரண்டாண்டு பால்வளப் பட்டயத்துக்குச் சேர்ந்த எங்களுக்கு விடியற்காலைக் கறவைதான் முதல் பாடம். ஊரில் கட்டைவிரலை மடக்கிக் கறந்தே பழகியவன் நான். "காம்பு நசுங்கும், முழுக்கையால் கற" என்பார் ஆசிரியர். பிறகு கெர்பர் சோதனை: குழாயில் கந்தக அமிலம் 10 மில்லி, பால் 10.75, அமைல் ஆல்கஹால் 1. சுழற்றி எடுத்தால் கொழுப்பு மஞ்சள் கோடாய் மேலே நிற்கும். பாலுக்கு நியாயமான விலை அந்தக் கோட்டிலிருந்துதான் பிறக்கிறது.

1923-இல் இம்பீரியல் கால்நடை, பால்வள நிலையமாகத் தொடங்கிய இடம் அது. உடல் தேறப் பெங்களூரில் தங்கியிருந்த காந்தி, 1927-இல் இங்கே வந்து மாடு வளர்ப்பு கற்றார். அம்பத்தேழு வயதில் தொழுவத்தில் மாணவராக நின்றவர்! எங்கள் படிப்புக்கு இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை. அமெரிக்கா போகுமுன், வெண்மைப் புரட்சியின் தந்தை வர்கீஸ் குரியனும் இங்கேதான் பயிற்சி பெற்றார்.

1955-இல் நிலையத்தின் தலைமையகம் கர்னாலுக்குப் போனது. ஆடுகோடி தென்மண்டல நிலையமானது. ஏட்டுப் பாடம் எங்கும் கிடைக்கும். சினைப் பருவத்தைக் கண்ணால் கண்டறிய, மடிநோயைத் தொட்டு உணர, எங்களுக்கு அந்தத் தொழுவம் வேண்டியிருந்தது.