நிகழ்வு என்பது யாருடைய ஐந்து விநாடி?

1

கறுப்புப் பெட்டி என்றால் விமானம் விழுந்த பிறகு கடலுக்கடியில் தேடி எடுக்கிற ஒன்று என்றுதான் நம்மில் பலருக்கு ஞாபகம். அதே சங்கதி காருக்குள் வந்து உட்கார்ந்து ரொம்ப நாளாகிறது. தனிப் பெட்டியாக அல்ல; ஏர்பேக்கை எப்போது விரிப்பது என்று முடிவெடுக்கிற மின்னணுக் கருவியின் ஒரு மூலையில், சில விநாடி நேர ஞாபகமாக. மோதலுக்கு முந்தைய ஐந்து விநாடியில் வண்டி என்ன வேகம், ஆக்ஸிலேட்டர் எவ்வளவு அமுங்கியிருந்தது, பிரேக்கில் கால் இருந்ததா, சீட் பெல்ட் போட்டிருந்ததா என்பதையெல்லாம் அது எழுதிக்கொள்கிறது. 'நிகழ்வுத் தரவுப் பதிவுக் கருவி' என்று நாம் பெயர் வைத்துக்கொள்ளலாம்.

இதில் 'நிகழ்வு' என்கிற சொல்லைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். இந்தக் கருவியின் அகராதியில் வண்டியின் வேகம் திடீரென்று மாறுவது நிகழ்வு. ஏர்பேக் விரிவது நிகழ்வு. டிரைவர் அதற்கு முன் பதினாறு மணி நேரம் தூங்காமல் ஓட்டியது நிகழ்வல்ல. லோடு விடிவதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்று ஓனர் போனில் கத்தியதும் நிகழ்வல்ல. ஐந்து விநாடிக்கு வெளியே கிடப்பதெல்லாம் கருவிக்கு வெறும் மௌனம். எது நிகழ்வு, எது நிகழ்வல்ல என்று வரையறுக்கிற இடத்தில்தான் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது. கருவி பொய் சொல்வதில்லை. எதைக் கேட்கக் கூடாது என்பதை அதற்கு முன்பே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

2

வரலாறு சுருக்கமாக. 1970களில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஏர்பேக் வைத்த தன் கார்களில் மோதலின் கடுமையைக் குறித்துக்கொள்ளும் எளிய கருவி ஒன்றை வைத்தது. ஏர்பேக் ஒழுங்காக வேலை செய்ததா என்று கம்பெனி தெரிந்துகொள்ளத்தான் அது. 1990களின் இறுதியில் மோதலுக்கு முந்தைய வேகமும் பிரேக்கும் அதில் பதிவாகத் தொடங்கின. பண்டத்தைச் சோதிக்க வந்த கருவி ஆளைச் சோதிக்கிற கருவியாக உருமாறியது. 2006இல் அமெரிக்க அரசு விதி செய்தது: கருவி வைத்தே தீர வேண்டும் என்றில்லை, வைத்தால் குறைந்தது 15 விவரங்களைப் பதிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல் புதிய வகைக் கார்களுக்கும், 2024 ஜூலை முதல் விற்கப்படும் எல்லாப் புதுக் கார்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்கா 2024 டிசம்பரில் ஐந்து விநாடியை இருபதாக நீட்டியது.

இடையில், 2015 டிசம்பரில், அமெரிக்கா இன்னொரு சட்டமும் போட்டது. பெயர் 'டிரைவர் பிரைவசி ஆக்ட்'. கேட்கவே நன்றாக இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால், பதிவு யாருக்குச் சொந்தம்? வண்டியின் உரிமையாளருக்கு, அல்லது குத்தகைக்கு எடுத்தவருக்கு. டிரைவருக்கு அல்ல. சொந்தக் காரைத் தானே ஓட்டுகிற மத்தியதர அமெரிக்கருக்கு ஓனரும் டிரைவரும் ஒரே ஆள். அவருக்கு இதில் முரண் தெரியாது. ஆம்பூரில் அப்படியா? ஸ்டியரிங் பிடிக்கிறவர் ஒருவர், ஆர்.சி. புத்தகம் வைத்திருப்பவர் வேறொருவர். இந்தச் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால், டிரைவரின் அந்தரங்கம் என்ற பெயரில் காப்பாற்றப்படுவது ஓனரின் சொத்துதான். தாராளவாதம் பேசுகிற 'தனிமனிதர்' எப்போதுமே ஏதோ ஒரு சொத்துக்கு உரியவராகத்தான் இருந்து வந்திருக்கிறார்.

ஐரோப்பாவில் இதற்கு முந்தைய கதை ஒன்று உண்டு. டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டினார், எவ்வளவு ஓய்வெடுத்தார் என்று வட்டத்தாளில் கோடு கிழிக்கும் டாக்கோகிராஃப் கருவியை 1970இல் ஐரோப்பியச் சமூகம் லாரிகளுக்குக் கட்டாயமாக்கியது. பிரிட்டன் டிரைவர்களின் சங்கங்கள் அதை 'வண்டிக்குள் உட்கார்ந்த ஒற்றன்' என்று சொல்லி எதிர்த்தன. பிரிட்டிஷ் அரசும் இழுத்தடித்தது. 1979 பிப்ரவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் வழிக்கு வந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஒற்றன் டிரைவரை மட்டும் வேவு பார்க்கவில்லை. ஓய்வு கொடுக்காத முதலாளிக்கு எதிராகவும் அந்த வட்டத்தாள் சாட்சி சொன்னது.

3

நம் ஊருக்கு வருவோம். 1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அந்தச் சட்டம் பிறகு 2020ஆம் வருடத்துத் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டுவிட்டது. இத்தனை வருடத்தில் அந்த எட்டு மணி நேரத்தை அளக்க லாரிக்குள் ஒரு கருவியைக் கட்டாயமாக்க எந்த அரசுக்கும் தோன்றவில்லை. ட்ரிப் ஷீட்டில் எழுதினது எழுதினதுதான்.

அளக்கத் தோன்றியவை வேறு. 2012 டிசம்பர் டெல்லி வன்கொடுமைக்குப் பிறகு பெண்களின் பாதுகாப்பு என்ற நியாயத்தோடு, பொதுப் போக்குவரத்து வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவியும் ஆபத்துப் பொத்தானும் வேண்டும் என்று 2016 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. 2018 ஏப்ரலில் சரக்குக்கு இ-வே பில் வந்தது: வண்டி எண், சரக்கு என்ன, யாருக்குப் போகிறது எல்லாம் அதில் உண்டு. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. சென்னையிலிருந்து பெங்களூர் போகிற லாரி பள்ளிகொண்டா சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குத் தாண்டியது, வாணியம்பாடியை எத்தனை மணிக்குத் தாண்டியது என்பது அந்தக் கணமே ஓனரின் செல்போனுக்குப் போய்விடுகிறது. நடுவில் டீ குடிக்க நின்றதுகூட கணக்கில் வந்துவிடும். பெந்தாமின் சிறைக் கோபுரத்தை வைத்து ஃபூக்கோ எழுதியதை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இங்கே கோபுரமும் இல்லை, காவலாளியும் இல்லை. பேட்டாவில் பிடிக்கிறதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

தோல் லாரிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித்துகளைக் கட்டி வைத்து அடித்தார்கள். 2017 ஏப்ரலில் ராஜஸ்தானின் ஆல்வாரில் மாடு வாங்கித் திரும்பிய பெஹ்லு கானை அடித்ததில் அவர் செத்துப்போனார். அதே வருடம் மே மாதம் கால்நடைச் சந்தைகளுக்கு மத்திய அரசு விதித்த கட்டுப்பாட்டுக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது. இப்படிப்பட்ட நாட்டில் எந்த வண்டி, என்ன சரக்கு, இந்த நிமிஷம் எங்கே என்கிற விவரம் தப்பான கைக்குப் போனால் என்ன ஆகும்? இந்த டிரைவருக்கு 'அந்தரங்கம்' என்பது படுக்கையறைச் சமாச்சாரம் அல்ல, உயிர்ச் சமாச்சாரம்.

4

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதன் தொடர்ச்சியாக 2023இல் தனிநபர் தரவுச் சட்டம் வந்தது. அதன் 7ஆம் பிரிவில் ஒரு சன்னல் திறந்திருக்கிறது: வேலை சம்பந்தப்பட்ட காரணத்துக்காகவும், முதலாளியை இழப்பிலிருந்து காப்பாற்றுவதற்காகவும், தொழிலாளியின் தரவை அவர் சம்மதமில்லாமலே பயன்படுத்தலாம். நீதிமன்றம் வாசலில் கொடுத்ததைச் சட்டம் கொல்லைப்புறமாக எடுத்துக்கொண்டது.

ஏர்பேக் இங்கேயும் கட்டாயமாகிவிட்டது: 2019 ஜூலையிலிருந்து டிரைவருக்கு, 2021இலிருந்து பக்கத்து சீட்டுக்கும். அதனுள் இருக்கிற ஞாபகம் யாருக்குச் சொந்தம் என்று சொல்லும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கரில் நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது, மோதலுக்கு ஐந்து விநாடி முன்பு கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனது, பிரேக் போட்டு மோதும்போது 89 ஆக இருந்தது என்று பெட்டியைப் படித்துச் சொன்னது காரைச் செய்த மெர்சிடிஸ் கம்பெனிதான். காவல்துறை கம்பெனியின் வாசிப்புக்குக் காத்திருந்தது. ஒரு பிரதி இருக்கிறது, அதை வாசிக்கும் மொழி ஒரு தரப்பிடம் மட்டுமே இருக்கிறது. வேதம் படிக்கிற உரிமை பற்றி நமக்குப் பழைய அனுபவம் உண்டு. பெரிய மனிதர் செத்ததால் அங்கே கம்பெனி வாய் திறந்தது. மாதனூர்ப் பக்கம் ஒரு கம்பெனி வேன் கவிழ்ந்தால், ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்களைக் கூட்டிப்போன டிரைவருக்காக எந்தப் பெட்டியை யார் படிப்பார்கள்?

விபத்தில் சாவு ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் போனால் பத்து வருடம் வரை சிறை என்று புதிய தண்டனைச் சட்டத்தின் 106(2) சொன்னபோது, 2024 ஜனவரி முதல் தேதிகளில் வட இந்திய நெடுஞ்சாலைகளில் லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். ஜூலை 1இல் சட்டம் அமலானபோது அந்த உட்பிரிவை மட்டும் அரசு நிறுத்தி வைத்தது. 'நின்றால் கும்பல் அடித்தே கொன்றுவிடும்' என்பதுதான் டிரைவர்கள் சொன்ன நியாயம். எந்த ஐந்து விநாடியிலும் அது பதிவாகாது.

5

பதிவுக் கருவி டிரைவருக்கு மட்டும் இல்லை. மாசு அதிகமுள்ள 17 வகைத் தொழில்கள் தங்கள் கழிவை இடைவிடாமல் அளந்து வாரியத்துக்கு நேரடியாக அனுப்ப வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் உத்தரவிட்டது. தோல் பதனிடுதலும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆக டேனரிக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. வித்தியாசம் என்ன? டிரைவரின் கருவியை வாங்குவதும் படிப்பதும் ஓனர். டேனரியின் கருவியை வாங்குவதும், பொருத்துவதும், பராமரிப்பதும் அதே ஓனர் வர்க்கம். ஒருவர் பார்க்கப்படுகிறார், இன்னொருவர் தன்னைத் தானே பார்த்துச் சொல்கிறார்.

பாலாற்றுக்குக் கருவி கிடையாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்சநீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் வந்த நீதிபதி குல்தீப் சிங்கின் தீர்ப்பு, தோல் பட்டையில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுசோ பாழாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வை எடுத்துக்காட்டி, டேனரிக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டது. 'மாசுபடுத்தியவரே விலை தர வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று இந்தத் தீர்ப்பு சொன்னது. 2015 ஜனவரி 31 விடியலில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள். அன்றைக்கு அது 'நிகழ்வு' ஆனது. சேறு நிறைந்துகொண்டே வந்த மாதங்கள் நிகழ்வல்ல. 2025 ஜனவரி 30இல் உச்சநீதிமன்றம் மறுபடியும் அதே பாலாறு பற்றி, இழப்பீடு கொடு, மாசுபடுத்தினவரிடம் வசூல் செய் என்று சொல்ல வேண்டி வந்தது. நடுவே இருபத்தெட்டு வருடம்.

ஆகவே 'கண்காணிப்பு வேண்டாம்' என்று மட்டும் சொல்லி நாம் நகர்ந்துவிட முடியாது. அது முதலாளிக்கும் வசதியான கோஷம். அவர் அதை வியாபார ரகசியம் என்பார். கேள்வி, கருவி யாரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது என்பது. டிரைவரின் பதிவு டிரைவருக்குச் சொந்தம், ஓனருக்கோ போலீசுக்கோ இன்சூரன்சுக்கோ போகும் முன் அதன் பிரதி அவர் கையில் இருக்க வேண்டும் என்று சங்கங்கள் கேட்க வேண்டும். ஐந்து விநாடியைப் பதிகிற கருவி அதற்கு முந்தைய வேலை நேரத்தையும் பதிய வேண்டும் என்று கேட்க வேண்டும். டேனரிக் கழிவின் அளவீடு வாரியத்தின் கணினியில் மட்டும் அல்ல, அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்துச் சுவரிலும் தமிழில் எழுதப்பட வேண்டும். இந்தக் கோரிக்கைகள் மூன்றும் ஒரே மேடையில் வைக்கப்பட்டதில்லை. லாரி ஷெட்டில் டிரைவர் சங்கம் தனியாக, கோர்ட்டில் சூழல் வழக்கு தனியாக, ஷூ கம்பெனி வாசலில் பெண்களின் கூலிப் போராட்டம் தனியாக. ஒரே சாலை, ஒரே ஆறு, ஒரே முதலாளி.