மருத்துவக் காப்பீட்டு அட்டை: நோய் வருமுன் எடுத்து வையுங்கள்

ஜும்ஆ முடிந்ததும் மருத்துவச் சீட்டுடன் பள்ளிவாசல் வாசலில் உதவி கேட்டு நிற்பவர்களில் பலரிடம், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள தமிழகக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இதில் சிகிச்சை கிடைக்கும். 'இன்சூரன்ஸ் கூடுமா?' என்று சிலர் தயங்குகிறார்கள். பிரீமியத்தை அரசே கட்டுகிறது. நம் கையிலிருந்து எதுவும் போவதில்லை. எனவே இதை அரசின் உதவியாகவே கருதுகிறோம்.

கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குச் செல்லுங்கள். ரேஷன் கார்டில் பெயர் இல்லாதவருக்கு இதில் இடமில்லை. புதிதாக வந்த மருமகளின் பெயரை முதலில் சேர்த்துவிடுங்கள். திட்டப் பட்டியலில் உள்ள மருத்துவமனைதானா என்று கேட்டு, பணம் கட்டுமுன்பே அட்டையைக் காட்டுங்கள். கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் திட்டமல்ல இது.