நம்பான் இரும்பு

பழவேற்காட்டு ஏரிக்கரையில் 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டை, இன்று முட்புதர் மூடிய செங்கல் மேடாகிவிட்டபோதிலும், அதன் அண்டையில் வலை உலர்த்தி வாழும் மீனவர்களுடைய ஊர்ப்பெயரில், கோட்டைக்குப்பம் என்று, சேதமின்றி நிற்கிறது. இங்கிருந்து 1690 வரையில் சோழமண்டலக் கரை வியாபாரத்தைப் பரிபாலித்த டச்சுக் கம்பெனியாருக்கு, அதே காலத்தில் ஜப்பானில் முதலில் ஹிராடோவிலும், 1641 முதல் நாகசாகித் துறையின் டெஜிமா தீவிலும் பண்டகசாலை இருந்தமையால், இக்கரைச் சரக்குகள் ஜாவாத் தீவின் பத்தாவியா மார்க்கமாக அங்கே சென்று என்ன பெயர்கள் பெற்றன என்று ஆராய்வது சுவை பயக்கும்.

துணிக்கு யோகம் இருந்தது. மயிலாப்பூரையடுத்த சாந்தோமின் பெயரால், இக்கரையின் கோடிட்ட பருத்தித் துணியை ஜப்பானியர் இன்றளவும் சந்தோமே என்றே வழங்குகிறார்கள். பழவேற்காடும் புலிகாட் எனத் திரிந்து, ஆங்கிலேயரிடையே கட்டம்போட்ட கைக்குட்டைக்குப் பெயராயிற்று. இரும்புக்கோ எந்த ஊரின் பெயரும் ஒட்டவில்லை; நம்பான் டெட்சு, அதாவது தென்திசை மிலேச்சரின் இரும்பு, என்ற பெயரே வாய்த்தது.

நம் பக்கத்துச் சொல்லாராய்ச்சி அன்பர்கள் சிலர் இந்த நம்பானைக் கண்டதும், சிவபெருமானுக்குரிய நம்பன் என்னும் திருநாமத்தை நினைந்து துள்ளக்கூடும்; வேண்டாம். சீனர் தங்களுக்குத் தெற்கேயிருந்த ஜனங்களை அநாகரிகர் என்று இகழ்ந்து வழங்கிய சொல்லை, 1543-இல் தென்கடல் வழியே வந்திறங்கிய போர்த்துகீசியருக்கு ஜப்பானியர் சூட்ட, பின்னர் அவ்வழியே வந்த பண்டங்களுக்கெல்லாம் அது அடைமொழியாயிற்று. டச்சுக்காரருக்குச் செம்மயிரர் என்று வேறு பட்டம்.

ஜப்பானை ஆண்ட ஷோகன் தொக்குகவா இயெயசுவின் ஆதரவு பெற்ற யசுத்சுகு என்னும் வாட்கொல்லர், தாம் செய்த வாளின் அடித்தண்டில், நம்பான் இரும்பால் ஆக்கியது என்று பெருமையாகவே பொறித்தார். வசைச்சொல்லே உயர்ந்த சரக்குக்கு முத்திரையாகிவிட்டது. அவ்வாசகம் ட்சுபாக்கள் சிலவற்றிலும் காணப்படுகிறது. ட்சுபாவாவது, அலகுக்கும் பிடிக்கும் இடையே கோக்கப்பெற்று, கை வழுக்கி அலகின்மேல் ஏறாதபடி தடுக்கும் தட்டு. உள்ளங்கையில் அடங்கும் அதன் நடுவே வாளின் தண்டு நுழைய ஒரு துளையும், பல தட்டுகளில் சிறுகத்திக்கும் மயிர் ஒதுக்கும் ஊசிக்குமாகப் பக்கத்துளைகளும் உண்டு. நடுத்துளை தளர்ந்தால் செம்புத் துண்டு வைத்து இறுக்குவார்கள். இரும்பை மடித்து அடிக்கையில் கடினமான பாகங்கள் விளிம்பில் முடிச்சு முடிச்சாகத் தெரியும். அவற்றை அராவி ஒழிக்காமல், இரும்பின் எலும்பு என்று பெயரிட்டு ரசித்தார்கள். துருவையும் பகையாகக் கருதாமல், பக்குவமாக ஏறவிட்டுக் கருமையும் செம்மையும் கலந்த மேனியாக்கிக்கொண்ட அந்த ரசனை, பொன்னைத் தவிர வேறொன்றை அலங்காரமென ஒப்பாத நமக்குச் சற்று அதிசயமே. பிடியைப் பொதிந்ததோ தென்கடல்களிலிருந்து தருவித்த திருக்கைத் தோல். அதை அவர்கள் சுறா என்று அழைத்தது கேட்டால் கோட்டைக்குப்பத்துச் சிறுவனும் நகைப்பான்.

நம்பான் இரும்பு முழுவதும் பாரதத்திலிருந்தே சென்றது என்று சாதிப்பது மிகை. எனினும், தெலுங்கானத்துக் கோனசமுத்திரம் போன்ற ஊர்களில் மூசையிலிட்டு உருக்கிய எஃகு பாரசீக வணிகரையும் இழுத்ததென்பதும், சோழமண்டலக் கரையிலிருந்து டச்சுக்காரர் இரும்பும் எஃகும் பத்தாவியாவுக்கு ஏற்றினர் என்பதும் பிரசித்தமாகையால், அதில் ஒரு பங்கு நாகசாகி சேர்ந்திருக்க இடமுண்டு. அதே எஃகை 1795-இல் லண்டனில் பியர்சன் என்பவர் ஊட்ஸ் என்று எழுதினார். கன்னட உக்கும் தமிழ் உருக்கும் அச்சொல்லின் உறவுகள் என்பது அறிஞர் அபிப்பிராயம். மேற்கே போன இரும்பு தன் பாஷையையாவது உடன் கொண்டுபோயிற்று.

1876-இல் வாள் தரித்து நடமாடுவது ஜப்பானில் தடுக்கப்பட்டபின், தட்டுகள் வாளினின்றும் பிரிந்து ஐரோப்பியச் சேகரிப்பாளரின் பேழைகளை அடைந்தன. அவர்களிடையே நம்பான் ட்சுபா என்பது, ஊடுபாவாகப் பின்னிய கொடிகளும் டிராகன்களும் பொன்பூச்சும் கொண்ட ஒருவகைச் சித்திர வேலைக்குப் பெயர். இரும்பு எங்கிருந்து வந்தது என்று அங்கே எவரும் கேட்பதில்லை. ஜப்பானின் சொந்த மணலிரும்பேயானாலும், கொடிப்பின்னல் இருந்தால் அது நம்பான்தான்.