பழைய காமிராவும் திருப்புளியும்

பெரியப்பா காலமாகிப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகு, பெரியம்மா ஒரு தோல் உறையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "நீ கதை எழுதுகிறவன். ஒன்றுக்கும் உதவாத பழைய சாமானெல்லாம் உனக்குத்தான் பிடிக்கும். எடுத்துக்கொண்டு போப்பா" என்றாள். உறைக்குள் ஒரு லைகா காமிரா இருந்தது. 1933-ஆம் வருஷம் முதன்முதலில் வெளிவந்த மூன்றாவது மாடல். பெரியப்பா வாங்கியபோதே அது பழசு. அத்தையின் கல்யாணத்தில் பாதிப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அது நின்றுபோயிற்றென்றும், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெரியப்பாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லையென்றும் வீட்டில் சொல்லுவார்கள். அதன் பிறகு அதை ஒருவரும் தொடவில்லை.

நானும் ஒரு வருஷம் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பிறகு ஒரு நாள் மனசு கேட்காமல், திருவல்லிக்கேணியில் ஒரு மாடிப்படியின் கீழே மூன்று முழ அகலத்தில் கடை போட்டிருந்த ஒரு கிழவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் காமிராவை வாங்கிக் காதருகே வைத்துக்கொண்டு, மேலே இருந்த திருகைச் சுற்றினார். பாதியில் நின்றது.

"உள்ளே எதையோ சாப்பிட்டிருக்கு, ஸார்" என்றார்.

நான் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கடிகாரக்காரர்கள் வைத்திருப்பது போன்ற சிறு திருப்புளியால் ஒவ்வொரு மரையாணியாகக் கழற்றி, கழற்றின வரிசையிலேயே துணியில் அடுக்கினார். லென்ஸ் பொருந்துகிற வளையத்தை எடுத்ததும் அதன் அடியில் மெல்லிய காகிதத் துண்டுகள் தெரிந்தன. ஏதோ குப்பை என்று எண்ணி நான் ஊதப்போனேன். கிழவர் என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். வளையத்திலிருந்து பிலிம் இருக்கும் இடம் வரையில் 28.8 மில்லிமீட்டர் தூரம் இருக்க வேண்டும். அந்தக் கணக்குத் தப்பாமல் இருப்பதற்காகவே தொழிற்சாலையில் அந்தக் காகிதங்களை வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று தொலைந்தாலும் போதும், பிறகு எடுக்கிற படங்கள் தெளிவாக விழா. நான் ஊதியிருந்தால் பெரியப்பாவின் காமிராவுக்கு இரண்டாவது மரணம் சம்பவித்திருக்கும்.

அரை மணி கழித்து இடுக்கியின் நுனியில் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். நகக்கண் அளவு பிலிம் துணுக்கு. பல் சக்கரங்களுக்கு நடுவில் செருகிக்கொண்டிருந்தது.

"உங்க பெரியப்பா நாக்கைச் சரியா வெட்டலை, ஸார்!"

பழைய லைகாக்களில் பிலிமை முதுகுப்புறம் திறந்து போட முடியாது. அடிப்பாகத்து மூடியைக் கழற்றி, கீழேயிருந்து இடுக்கு வழியாக மேலே செருக வேண்டும். அதற்காகப் பிலிமின் முனையைச் சுமார் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு நாக்குப்போல ஒடுக்கி வெட்டிக்கொள்ள வேண்டும். இதற்கென்றே ஓர் அச்சுத் தகடும் கம்பெனியார் விற்றார்கள். அவசரத்தில் குட்டையாக வெட்டினாலோ, ஓட்டையின் குறுக்கே வெட்டினாலோ, ஒரு துணுக்குப் பிய்ந்து உள்ளே விழுந்துவிடும். கல்யாண வீட்டில் நாதஸ்வரம் முழங்க, "முகூர்த்தம் ஆகப்போகிறது, சீக்கிரம்!" என்று பத்துப் பேர் கத்த, கத்தரிக்கோலும் கையுமாக நின்ற பெரியப்பாவை நான் மன்னித்துவிட்டேன்.

இந்தக் காமிராவுக்கு வேறு வியாதிகளும் உண்டு. அதன் ஷட்டர் ரப்பர் பூசிய துணியாலானது. இரண்டு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட, நடுவில் விழும் இடைவெளி வழியாக வெளிச்சம் பிலிமில் படுகிறது. வருஷங்கள் ஆக ஆக ரப்பர் காய்ந்து ஊசித்துளைகள் விழுகின்றன. லென்ஸை மூடாமல் காமிராவை வெயிலில் காட்டிவிட்டாலோ, பூதக்கண்ணாடி வைத்துக் காகிதத்தைக் கொளுத்துகிற பள்ளிக்கூடத்துப் பையனைப்போலச் சூரியன் துணியில் ஓட்டை போட்டுவிடுகிறான். எண்ணெய் இறுகிப் பிசினாகிறது. லென்ஸுக்குள் பூசணம் பூக்கிறது; சென்னைப் பட்டணத்து ஈரக்காற்றுக்கு அதில் தனிப் பிரியம். இத்தனைக்கும் வைத்தியம் உண்டு. திரையைப் பிய்த்துப் புதுத் துணி ஒட்டலாம். எண்ணெயைக் கழுவிவிட்டு ஊசிமுனையால் புது எண்ணெய் இடலாம்.

"இது திறக்கிறதுக்குன்னே செஞ்ச பெட்டி, ஸார்" என்றார் கிழவர்.

அந்தப் பேச்சு என்னை விடவில்லை. திறக்கிறதற்கென்றே ஒரு பெட்டியைச் செய்தவர்கள் எப்படிப்பட்ட மனிதர்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஜெர்மனியில் லான் நதிக்கரையில் வெட்ஸ்லர் என்று ஒரு சிறிய ஊர். நாவல் படிக்கிறவர்களுக்கு அது முற்றிலும் அந்நியமான ஊரல்ல. 1772-ல் இளைஞர் கதே அங்கே சில மாதங்கள் தங்கி, கைகூடாத காதலில் உருகி, அந்த அனுபவத்தை வைத்துத்தான் 1774-ல் வெர்தரின் கதையை வெளியிட்டார். அதே ஊரில் 1849 முதல் மைக்ராஸ்கோப் செய்கிற ஒரு பட்டறை இருந்தது. பிற்பாடு அது லைட்ஸ் குடும்பத்தின் கைக்கு வந்தது. 1911-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் ஆஸ்கார் பர்னாக். அவர் கைத்தொழில் கற்ற மெக்கானிக். பெரிய படிப்பாளி அல்ல. ஆஸ்த்மா நோயாளி, ஆனால் மலையும் காடும் சுற்றிப் படம் எடுக்க ஆசை. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுக் காமிராவையும் முக்காலியையும் சுமந்து மலை ஏறினால் மூச்சு என்னத்துக்கு ஆகும்? ஸினிமாப் பிலிமையே போட்டு, ஸினிமாப் படத்தைப்போல இரண்டு மடங்கு, அதாவது 24-க்கு 36 மில்லிமீட்டர் அளவில் படம் விழும்படி, சட்டைப்பையில் அடங்கும் ஒரு பெட்டியை 1914 வாக்கில் அவர் செய்து முடித்தார். நெஞ்சு வலுவுள்ள மனிதராக இருந்திருந்தால் அவருக்கு இந்த யோசனை தோன்றியிராது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

யுத்தம் வந்தது, பிறகு பணவீக்கம் வந்தது. 1924-ல் முதலாளி இரண்டாவது எர்ன்ஸ்ட் லைட்ஸ் தம் அதிகாரிகளைக் கூட்டிவைத்துப் பேசினார். இந்தப் பெட்டியைச் செய்வதா வேண்டாமா என்று வெகுநேரம் விவாதம். கடைசியில் செய்வதென்று அவரே தீர்மானித்தார். தொழிலாளிகளுக்கு வேலை வேண்டுமே என்ற கவலையும் அதற்கு ஒரு காரணம். 1925-ல் லைப்ஸிக் சந்தையில் லைகா வெளிவந்தது.

மைக்ராஸ்கோப் செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்லூரியிலும் ஆஸ்பத்திரியிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கப்போகிற கருவி அது. ஆகவே பழுது பார்ப்பதை மனத்தில் வைத்துக்கொண்டே செய்வார்கள். அந்தப் பழக்கம் காமிராவிலும் புகுந்தது. 1930-ல் லென்ஸைக் கழற்றி மாட்டலாம் என்று ஆயிற்று. ஆனால் முதலில் ஒவ்வொரு லென்ஸும் தனக்கென்று வார்த்த உடலுக்கு மட்டுமே பொருந்தியது. ஜாதகப் பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணம் போலத்தான். 1931-ல் தூரத்தை ஒரே அளவாக்கி, எந்த லென்ஸும் எந்த உடலுக்கும் சேரும்படி செய்தார்கள். அப்படிச் சீராக்கிய உடல்களின் வளையத்தில் ஒரு சிறிய பூஜ்யத்தைப் பொறித்தார்கள்.

1932-ல் தூரத்தை அளக்கும் கருவி உள்ளேயே இணைந்த இரண்டாவது மாடல் வந்தது. மறு வருஷம் மூன்றாவது. நான்கைந்து வருஷத்துக்கு முன்னால் முதல் மாடலை வாங்கியவர்கள் வயிறெரிந்திருப்பார்கள் அல்லவா? வேறு வியாபாரியாக இருந்தால், "பழசைத் தூக்கிப் போடுங்கள், புதுசை வாங்குங்கள்" என்று சொல்லியிருப்பான். வெட்ஸ்லரில் அப்படிச் சொல்லவில்லை. பழைய காமிராவை அனுப்பினால், திறந்து, புது உறுப்புக்களைப் பொருத்தி, இரண்டாவது மாடலாகவோ மூன்றாவது மாடலாகவோ மாற்றித் திருப்பி அனுப்பினார்கள். மேலே பொறித்திருந்த எண் மட்டும் பழைய எண்ணே. இன்றைக்குப் பழைய காமிரா சேகரிப்பவர்கள் எண்ணைப் பார்த்தால் 1920-களில் பிறந்ததாகவும், உருவத்தைப் பார்த்தால் 1930-களில் பிறந்ததாகவும் தோன்றுகிற காமிராக்களைக் கண்டு திகைப்பது இதனால்தான்.

நன்றாகத் திறக்க வருகிற பெட்டியை எல்லோரும்தான் திறப்பார்கள். ரஷ்யர்களும் திறந்தார்கள். உக்ரேனில் கார்க்கோவ் நகரத்தில், திக்கற்ற பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட ஒரு கம்யூனில், லைகாவைப் பிரித்துப் பார்த்து 1934 முதல் 'ஃபெட்' என்ற பெயரில் அதேபோலச் செய்து தள்ளினார்கள். தெருவில் அலைந்த பிள்ளைகளின் கைகள் ஜெர்மானியரின் நுட்பத்தைக் கற்றுக்கொண்டன. நாவலில் இப்படி எழுதினால் நம்பமாட்டார்கள்.

நாவலில் எழுதினால் இன்னும் நம்பமாட்டாத விஷயம் ஒன்று உண்டு.

1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். யூதர்களின் கடைகளும் பள்ளிப் படிப்பும் உத்தியோகமும் ஒவ்வொன்றாகப் பறிபோயின. அப்போது வெட்ஸ்லரிலும் சுற்றுப்புறத்திலும் இருந்த யூதக் குடும்பங்கள் சில லைட்ஸிடம் வந்து தங்கள் பிள்ளைகளுக்கு வழி கேட்டன. அவர் அந்த இளைஞர்களைத் தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார். கொஞ்ச காலம் வேலை பழக்கி, கம்பெனிச் சிப்பந்திகள் என்ற ஹோதாவில் கப்பலேற்றி நியூயார்க் கிளைக்கும் வேறு நாடுகளுக்கும் அனுப்பினார். 1938 நவம்பரில் ஜெர்மனி எங்கும் யூத ஆலயங்களைக் கொளுத்திய பிறகு, அனுப்புவது இன்னும் அவசரமாயிற்று. நியூயார்க்கில் இறங்கியவர்களுக்கு வேறு வேலை கிடைக்கும் வரை கம்பெனியே உதவிப் பணமும் கொடுத்தது. அவர்களில் பலர் அங்கே காமிராத் தொழிலில் நிலைத்தார்கள். சிலர் விற்பனையாளர்கள், சிலர் காமிராவைத் திறந்து பழுது பார்க்கிறவர்கள். வீட்டையும் கடையையும் கப்பலில் ஏற்ற முடியாது. விரலில் ஏறின வேலையைச் சுங்கச் சாவடியில் யாரால் பறிமுதல் செய்ய முடியும்?

1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டதும் எல்லைகள் மூடிக்கொண்டன. கம்பெனியின் விற்பனை அதிகாரி ஆல்ஃப்ரெட் ட்யூர்க் யூதர்களுக்கு உதவியதற்காக முன்பே சிறைக்குப் போய் வந்திருந்தார். 1943-ல் லைட்ஸின் மகள் எல்ஸி, ஒரு யூதப் பெண்மணி ஸ்விட்ஸர்லாந்துக்குத் தப்பிப் போக உதவினார் என்று ரகசியப் போலீஸார் பிடித்து, ஃப்ராங்ஃபர்ட்டில் அடைத்துவைத்தார்கள். உக்ரேனிலிருந்து கொண்டுவந்த பெண் தொழிலாளிகளிடம் மிதமிஞ்சி இரக்கம் காட்டினார் என்பதும் அவர் மேல் ஒரு குற்றச்சாட்டு.

இங்கே என் பேனா கொஞ்சம் தயங்குகிறது. அந்தப் பெண்கள் அங்கே எப்படி வந்தார்கள்? விரும்பி வரவில்லை, பலவந்தமாக இழுத்து வரப்பட்டவர்கள். அதே தொழிற்சாலைதான் அவர்களை வேலை வாங்கிற்று. அதே தொழிற்சாலைதான் ஹிட்லரின் ராணுவத்துக்குக் கருவிகள் செய்து கொடுத்தது. லைட்ஸ் 1942-ல் நாஜிக் கட்சியில் உறுப்பினராகவும் சேர்ந்தார். கதை எழுதுகிறவனுக்கு இந்த இடத்தில் கை குறுகுறுக்கும். இந்த வரிகளை அடித்துவிட்டால் அப்பழுக்கற்ற கதாநாயகன் கிடைத்துவிடுவானே! ஆனால் அடிப்பதற்கு எனக்குப் பாத்தியதை இல்லை. கட்சிச் சீட்டைப் பையில் வைத்திருந்த மனிதரும் பிள்ளைகளைக் கப்பலேற்றிய மனிதரும் ஒருவரே. அவர் 1956-ல் காலமானார். தாம் செய்த உதவியைப் பற்றி அவர் வெளியே பேசவில்லை. குடும்பமும் வெகுகாலம் பேசவில்லை. லண்டனில் இருந்த ஃப்ராங்க் டப்பா ஸ்மித் என்ற யூத குரு பல வருஷங்கள் ஆராய்ந்து விவரங்களைத் திரட்டினார். 2007-ல்தான் அமெரிக்க யூத ஸ்தாபனம் ஒன்று, இறந்துபோன லைட்ஸுக்கு விருது கொடுத்து மரியாதை செய்தது.

2022 ஜூன் மாதத்தில், பர்னாக் தம் கையில் வைத்துப் படம் எடுத்த 105-ஆம் எண்ணுள்ள காமிரா ஏலத்துக்கு வந்தது. 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. அதில் இனி யாராவது பிலிம் போடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இரும்புப் பெட்டியில் தூங்கத்தான் அதற்கு விதி. அதே வருஷத்தில் கம்பெனியார், 2002-ல் நிறுத்தியிருந்த எம்-6 என்ற பிலிம் காமிராவை மறுபடியும் செய்து விற்க ஆரம்பித்தார்கள். பிலிமுக்குக் காலம் முடிந்துவிட்டதென்று எல்லோரும் காரியம் செய்துவிட்ட பிறகு நடந்த சங்கதி இது.

திருவல்லிக்கேணிக் கிழவரிடம் இந்தச் சரித்திரத்தையெல்லாம் சொன்னேன். அவர் புதுத் திரைத்துணியை ஒட்டிக்கொண்டே கேட்டார். கப்பலேறிய பிள்ளைகளின் கதைக்கு மட்டும் ஒரு முறை தலையை நிமிர்த்தி, "எத்தனை மாசம் பழகினாங்க?" என்று விசாரித்தார். "ஆளுக்கு ஆள் வேறுபடும், சிலருக்கு ரொம்பக் கொஞ்ச காலம்தான்" என்றேன். "அப்போ அங்கே போய்த்தான் நிஜமாக் கத்துக்கிட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார். அவருக்கு மூன்று பையன்கள். ஒருவரும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை என்று முன்பே சொல்லியிருக்கிறார்.

பத்து நாள் கழித்துக் காமிராவை வாங்கப் போனேன். முன்பக்கத்துச் சிறிய வட்டை ஒரு விநாடிக்குத் திருப்பி வைத்து, திருகைச் சுற்றி, என் காதருகே பிடித்துப் பொத்தானை அழுத்தினார். உள்ளே சக்கரங்கள் வண்டு முரலுவதுபோல ஓடி, முழு ஒரு விநாடி கழித்து 'டக்' என்று நின்றன. மறுபடியும் அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். பிறகு மேஜை அறையைத் திறந்து, ஒரு சிறிய காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பிலிம் துணுக்கு.

"பெரியம்மாகிட்டே கொடுங்க, ஸார்" என்றார். "மெஷின் பேரிலே தப்பில்லேன்னு சொல்லுங்க."

அதை மட்டும் நான் சொல்லவில்லை. கல்யாணத்தன்று கத்தரிக்கோலைக் கொண்டுவந்து, "சீக்கிரம், சீக்கிரம்" என்று பெரியப்பாவை அவசரப்படுத்தியது பெரியம்மாதான்.