தோலிலிருந்து நஞ்சுக்கு: இருளர் கூட்டுறவுச் சங்கம் தொழில் மாற்றிய வரலாறு

இந்தியாவின் பாம்புத் தோல் வணிகம் 1970களில் முடிவுக்கு வந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1976இல் தோல் ஏற்றுமதிக்குத் தடை விழுந்தது. அதுவரை செங்கல்பட்டு வட்டாரத்து இருளர் பழங்குடியினர் பிடித்துக் கொடுத்த பாம்புகளின் தோல், சென்னை வணிகர்களிடம் கைமாறி, வெளிநாட்டுக் கடைகளில் கைப்பையாகவும் காலணியாகவும் விற்றது. சட்டம் பாம்பைக் காத்தது. பாம்பை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் இல்லை.

விற்ற பொருள், வாங்கிய சந்தை, தொழிலுக்கான அனுமதி மூன்றும் ஒருசேரப் போன பிறகு ஒரு தொழில் சமூகம் எப்படி மீண்டது? மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கத்தின் வரலாற்றை இந்தக் கேள்வியை முன்வைத்து வாசிக்கலாம்.

திறன் பழையது, பொருள் புதியது

வரப்போர மண்ணில் பாம்பு ஊர்ந்த தடம், உரித்துப்போட்ட சட்டை, எச்சம், வளை வாயின் வழவழப்பு: இவற்றைப் பார்த்தே உள்ளே இருப்பது எந்தப் பாம்பு என்று சொல்லும் தேர்ச்சி இருளர்களுக்கு உண்டு. கையில் ஒரு கடப்பாறை போதும். ஆணும் பெண்ணும் சேர்ந்தே வேட்டைக்குப் போவார்கள். தடை வந்தபோது இந்தத் திறன் அழியவில்லை. அதற்கு விலை கொடுப்பவர்தான் இல்லாமல் போனார்.

இருளர்களோடு காடு மேடெல்லாம் சுற்றியவர் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர். சென்னைப் பாம்புப் பண்ணையையும், 1976இல் வடநெம்மேலி முதலைப் பண்ணையையும் தொடங்கியவர். விஷமுறிவு மருந்து தயாரிப்போருக்குத் தரமான நஞ்சு தொடர்ந்து தேவைப்பட்டது. அந்தத் தேவையையும் வேலையிழந்த கைகளையும் இணைத்து 1978இல் சங்கம் பதிவானது. வனத்துறை அனுமதியோடு 1980களின் தொடக்கத்தில் நஞ்செடுப்பு நடைமுறைக்கு வந்தது.

கணக்கு எளியது. தோலுக்காகக் கொன்ற பாம்பு ஒரு முறைதான் காசு தரும். உயிரோடு இருக்கும் பாம்பிடம் திரும்பத் திரும்ப நஞ்செடுக்கலாம். காட்டில் விட்டால் அது இனமும் பெருக்கும்.

பானையும் பதிவேடும்

நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் சங்கம் வாங்கும் பாம்புகள். இந்தியாவில் பாம்புக்கடிச் சாவுகளுக்குப் பெரும்பாலும் இவையே காரணம். உறுப்பினர் கொண்டுவரும் பாம்புக்கு இனவாரியாக விலை உண்டு. மணல் பரப்பிய மண்பானையில் விட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டிவைக்கிறார்கள். சுமார் மூன்று வாரத்தில் நான்கு முறை நஞ்செடுத்தபின் பாம்பு காட்டுக்குத் திரும்புகிறது. விடுமுன் வயிற்றுச் செதிலில் ஓர் அடையாள வெட்டு. சட்டை உரிக்க உரிக்க அது மறையும். அதற்குள் அதே பாம்பு மறுபடி சிக்கினால் எடுப்பதில்லை.

எடுத்த நஞ்சை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கி மருந்து நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். அங்கே குதிரைகளுக்குச் சிறு அளவில் ஏற்றி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து மருந்து தயாராகிறது. நாட்டில் விஷமுறிவு மருந்துக்குப் பயன்படும் நஞ்சில் பெரும்பகுதி இந்தச் சங்கத்திலிருந்தே செல்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, எது மாறியது, எது மாறவில்லை என்பதுதான். பாம்பைத் தேடும் அறிவு அப்படியே இருந்தது. எடை, பதிவேடு, இனவாரிக் கணக்கு, விடுவிப்பு ஆகிய புதிய ஒழுங்குகள் அதன்மேல் சேர்ந்தன. அமைப்பியல் அறிஞர் ஜேம்ஸ் மார்ச் 1991இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, தெரிந்ததைப் பயன்படுத்துவதற்கும் தெரியாததைத் தேடுவதற்கும் இடையே நிறுவனங்கள் படும் இழுபறியைப் பேசுகிறது. வடநெம்மேலியில் முதலாவதே இரண்டாவதற்கு அடித்தளமானது.

கடல் கடந்த திறன்

அதே திறன் வேறு இடங்களிலும் பயன்பட்டது. 2016இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு மாதம் தேடி 106 பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2017 ஜனவரியில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் திட்டத்தில் அங்கே சென்ற வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களின் குழு, முதல் இரண்டு வாரங்களுக்குள் 13 பாம்புகளைப் பிடித்தது. அவற்றில் ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இனி வரும் சோதனை

பாராட்டுக்கு இடையே ஒரு பலவீனம் மறைந்திருக்கிறது. சங்கத்தின் வருமானம் பெரிதும் ஒரே பொருளை, சில நிறுவனங்களை, ஓர் அரசு அனுமதியை நம்பியிருக்கிறது. எந்தப் பாம்பை எத்தனை பிடிக்கலாம் என்பதை அரசாணை தீர்மானிக்கிறது. ஆணை தாமதமானால் பானைகள் காலியாகக் கிடக்கும்.

அறிவியலும் கேள்வி எழுப்புகிறது. ஒரே இனப் பாம்பின் நஞ்சு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுபடுகிறது. தமிழ்நாட்டு நஞ்சை வைத்துச் செய்த மருந்து வேறு மாநிலங்களில் போதிய பலன் தராமல் போகலாம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வுகள் சுட்டுகின்றன. அதே நிறுவனமும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வகமும் இணைந்து, நரம்பைத் தாக்கும் ஒரு நச்சு வகையை முறிக்கும் செயற்கை எதிர்ப்பொருளை 2024இல் அறிவித்தன. அது எலிகளில் பலன் தந்திருக்கிறது. குதிரை வேண்டாத மருந்து சந்தைக்கு வர நாளாகலாம்; வந்தால் நஞ்சின் தேவை குறையும்.

தேவை இன்றே தீர்ந்துவிடவில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 2030க்குள் இச்சாவுகளைப் பாதியாக்க ஒன்றிய அரசு 2024இல் செயல்திட்டம் வெளியிட்டது. அவ்வாண்டே தமிழ்நாடு, பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது.

ஆகவே சங்கத்துக்கு அடுத்த மாற்றத்துக்கான கால அவகாசம் இருக்கிறது. பிற மாநிலப் பழங்குடியினருக்குப் பயிற்சி தந்து வட்டார நஞ்சுச் சேகரிப்பை வளர்ப்பது, ஆய்வகங்களோடு நேரடி ஒப்பந்தம், ஊர்களில் பாம்பு மீட்பு ஆகிய மூன்றும் இருளர் திறனுக்கு உட்பட்டவை. முதல் மாற்றத்தைத் தடைச் சட்டம் திணித்தது. அடுத்ததைச் சங்கமே திட்டமிட முடியும். அதற்கு அரசு ஆண்டுதோறும் அனுமதிக்காகக் காக்கவைக்காமல் பல ஆண்டு உரிமம் தர வேண்டும்; திட்டமிடும் மேசையில் இருளர்களுக்கே முதல் இடம் தர வேண்டும்.