கடற்கோட்டையும் தீவகத்தின் படைச் சின்னங்களும்

தீவகத்தின் படைச் சின்னங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் தேடி வருபவர் ஏமாந்துபோவார். அவை கடலுக்குள்ளும் கோயில் வாசலிலும் வெட்டவெளியிலும் நிற்கின்றன.

மூத்த சான்று நயினாதீவில் உள்ளது. நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கும் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் கப்பல்களுக்கு விதி சொல்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் பண்டாரத்துக்கு நாலில் ஒரு பங்கு, மீதி உடையவனுக்கு. வாணிபச் சரக்கென்றால் சரிபாதி. படைக்கு வேண்டிய விலங்குகளைக் கொண்டுவருபவனிடம் அரசன் கை இறுக்கவில்லை. 1960களில் கா. இந்திரபாலா இதை ஆராய்ந்து வெளியிட்டார். கல் தீவிலேயே நின்றதால், எதிரே கிடக்கும் கடலையும் சேர்த்து அதைப் படிக்க முடிகிறது.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையை எம்மவர் கடற்கோட்டை என்பர். கட்டியவர்கள் போர்த்துக்கேயர். 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது உள்ளே இருந்தவர்களைப் பணியவைத்தது குடிதண்ணீர்ப் பஞ்சம். சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு வாய் இல்லை! ஒல்லாந்தப் படையோடு இலங்கைக்கு வந்த மதகுரு பால்தேயுஸ் 1672இல் வெளியிட்ட நூலில் இப்பகுதியை விரிவாக எழுதியிருக்கிறார். பிரித்தானியர் காலத்தில் சிறை, தொற்றுநோய் மருத்துவமனை. 1971 கிளர்ச்சிக்குப் பின் மீண்டும் சிறை. இப்போது கடற்படை நடத்தும் உல்லாச விடுதி. கைதிகள் கிடந்த இடத்தில் விருந்தினர் துயில்வது எமக்கு உவப்பானதல்ல. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஆட்கள் புழங்கியதால்தான் அதன் சுவர்கள் பிழைத்தன. எதிர்க்கரையில், ஊர்காவற்றுறைப் பக்கம் இருந்த போர்த்துக்கேயர் கோட்டைக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அங்கே இடிபாடுதான் மிச்சம்.

நெடுந்தீவின் முருகைக்கற் கோட்டையும் அப்படியே. குதிரை லாயத்தின் தூண்கள் வெறிச்சோடி நிற்கின்றன. மட்டக்குதிரைகள் மட்டும் இன்றும் திரிகின்றன. அந்நியர் ஆட்சியில் நடந்த குதிரை வளர்ப்பின் எச்சங்கள் அவை. வறட்சி வந்தால் தண்ணீரின்றி மடிகின்றன.

தீவகத்துக்கு வெளியே, யாழ்ப்பாணம் நாவலர் வீதி அருங்காட்சியகத்தில் பழைய பீரங்கிகள் இருக்கின்றன. அவை யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து வந்தவை என்று தெரிந்திருப்பதால்தான் அவற்றுக்கு மதிப்பு. எங்கே கிடைத்ததென்று தெரியாத பீரங்கிக் குண்டு வெறும் இரும்பு.

இம்மலரை வாசிக்கும் தீவக மக்களிடம், ஊரிலும் புலம்பெயர்ந்தும் இருப்போரிடம், ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒல்லாந்தர் நாணயமோ பழைய வாளோ படமோ இருந்தால், எந்த வளவில், எந்தக் கிணறு வெட்டும்போது, யார் கையில் கிடைத்தது என்பதை எழுதிப் பொருளோடு வையுங்கள். பழம்பொருள் மண்ணிலிருந்து வெளிப்பட்டால் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்; 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அதைக் கேட்கிறது. அண்மைப் போரின் வெடிபொருள் போல ஏதேனும் தென்பட்டால் தொடவே வேண்டாம். இடத்தை அடையாளமிட்டு, விலகி நின்று, பொலிசுக்குச் சொல்லுங்கள்.